விழுந்த இடமும் தடுக்கிய இடமும்: கெர்னல் கிராஷ் கேள்வி–பதில்

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலின் சிஸ்டம் கால்களை (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) இரவு பகலாகத் தாறுமாறாக அழைத்து, எங்கே உடைகிறது என்று பார்க்கும் கருவி சிஸ்காலர். கூகுளில் திமித்ரி வ்யூகோவ் தொடங்கிய இது 2015-இல் பொதுவெளிக்கு வந்தது. அதை ஓயாமல் ஓட்டி, கிராஷ் ஆனால் உரியவர்களுக்குத் தானாகவே மின்னஞ்சல் அனுப்பும் ரோபோ சிஸ்பாட். அந்த அறிக்கைகளோடு மல்லுக்கட்டும் வாசகர்களின் கேள்விகளே இந்த மாதம் அதிகம் வந்திருக்கின்றன.

கே: சிஸ்பாட் பட்டியலிலிருந்து ஒரு பக்கை எடுத்து ஒரு வாரமாகப் பார்க்கிறேன். தலைப்பில் 'கேசான்: ஸ்லாப்-யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ' என்று இருக்கிறது (கேசான் கெர்னலின் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி; விடுவித்த மெமரியை யாரோ தொட்டார்கள் என்கிறது). கிராஷ் ஆன வரிக்கு மேலே பாயின்டர் 'நல்' (வெற்று) ஆக இருக்கிறதா என்று ஒரு இஃப் போட்டேன். பயனில்லை. அறிக்கையில் மூன்று ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) இருக்கின்றன, எதை நம்புவது?

ப: மூன்றையுமே. ஆனால் நீங்கள் முதல் ஸ்டாக்கில் மட்டும் உட்கார்ந்துவிட்டீர்கள். அது விழுந்த இடம். தடுக்கிய இடம் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கும்.

இஃப் ஏன் உதவவில்லை என்பதை முதலில் பார்ப்போம். மெமரியை விடுவித்தவுடன் பாயின்டர் நல் ஆகிவிடாது. பழைய முகவரி அப்படியே இருக்கும், அதன் பின்னால் இருந்த பொருள்தான் போய்விட்டது. காலி செய்துவிட்டுப் போனவரின் வீட்டு விலாசம் உங்கள் டைரியில் இருப்பதைப் போல. விலாசம் இருக்கிறதா என்று சோதித்தால் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும்.

கேசான் இதைப் பிடிக்கும் விதம் எளிது. ஒவ்வொரு 8 பைட் மெமரிக்கும் 1 பைட் 'நிழல்' வைத்துக்கொள்கிறது. நிழலில் 00 என்றால் எட்டு பைட்டையும் தொடலாம். 01 முதல் 07 வரை என்றால் முதல் அத்தனை பைட்டுகளை மட்டும் தொடலாம். எஃப்பி என்றால் விடுவிக்கப்பட்ட பொருள், எஃப்சி என்றால் பொருளைச் சுற்றியுள்ள தடைப்பகுதி. அறிக்கையின் அடியில் இந்த நிழல் பைட்டுகள் வரிக்குப் பதினாறாக அச்சாகியிருக்கும். குற்றம் நடந்த பைட்டின் கீழே ஒரு கூரைக் குறி நிற்கும். அங்கே எஃப்பி இருந்தால் ஆயுள் பிரச்சினை, எஃப்சி இருந்தால் அளவுப் பிரச்சினை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை பிரிந்துவிடும்.

இனி ஸ்டாக்குகள். முதலாவது தொட்டவர் யார் என்று சொல்லும், 'அலொகேட்டட் பை' பொருளை உருவாக்கியவரைக் காட்டும், 'ஃப்ரீட் பை' விடுவித்தவரைக் காட்டும். ஒரு தாளை எடுத்து மூன்று பேரையும் எழுதி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பொருள் உயிரோடிருக்கும் என்று நம்ப உனக்கு என்ன ஆதாரம்? கையில் ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) எடுத்தாயா, ஒரு லாக் (பூட்டு) பிடித்தாயா, ஆர்சியு (படிப்பவர் முடிக்கும்வரை விடுவிப்பைத் தள்ளிப்போடும் ஏற்பாடு) ரீட் பகுதிக்குள் இருக்கிறாயா? பதில் சொல்ல முடியாமல் விழிப்பவர்தான் குற்றவாளி. தொட்டவரிடம் நல்ல ஆதாரம் இருந்தால், விடுவித்தவர் அதை மதிக்காமல் விடுவித்திருக்கிறார் என்று பொருள்.

உண்மையான உதாரணம் ஒன்று. 2017-இல் சிஸ்காலர் மூலம் டிசிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் ஒரு இரட்டை விடுவிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-6074 என்று பதிவான அந்தக் குறை 2005 முதல் அங்கேயே இருந்தது. இணைப்பு கேட்டு ஒரு பாக்கெட் வருகிறது. சாக்கெட்டில் ஐபிவி6 ரிசீவ் பாக்கெட்-இன்ஃபோ என்ற விருப்பம் போடப்பட்டிருந்தால், இணைப்புக் கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன் அந்த பாக்கெட்டின் எஸ்கேபி (பாக்கெட்டைக் கெர்னல் வைத்திருக்கும் பொருள்) முகவரியைச் சேமித்து, எண்ணிக்கையையும் ஒன்று கூட்டிவிடுகிறது. அதாவது 'எனக்கு இது இன்னும் வேண்டும்' என்று முறைப்படி எழுதி வைத்துவிட்டது. ஆனால் அதை அழைத்த மேல்நிலை ஃபங்ஷன், வெற்றி என்று பதில் வந்தவுடன், முன்னால் இரட்டை அடிக்கோடு போட்ட கேஃப்ரீ_எஸ்கேபி-யைக் கூப்பிட்டது. எண்ணிக்கையைப் பார்க்காமல் நேராக விடுவிக்கும் வடிவம் அது. முகவரியைச் சேமித்து வைத்தவர் பிறகு தன் பங்கை விடுவிக்க வரும்போது பொருள் ஏற்கெனவே போயிருக்கும். தீர்வு மிகச் சிறியது: கான்ஸ்யூம்_எஸ்கேபி-யை அழைப்பது. அது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, பூஜ்ஜியமானால் மட்டுமே விடுவிக்கும். இங்கே முகவரியைச் சேமித்தவர் பக்கம் எத்தனை இஃப் எழுதினாலும் குறை தீர்ந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. 'ஃப்ரீட் பை' ஸ்டாக்கில் ஆர்சியு_கோர் போன்ற பெயர்கள் மட்டும் தெரிந்தால், அது வெறும் அமலாக்கம். விடுவிக்க முடிவெடுத்தவர் வேறு. 'லாஸ்ட் பொடென்ஷியலி ரிலேட்டட் வொர்க் கிரியேஷன்' என்ற நான்காவது ஸ்டாக் இருக்கிறதா பாருங்கள்; கால்_ஆர்சியு அழைத்தவர் அங்கே இருப்பார். டைமரோ வொர்க்கோ பொருளுக்குள் இருந்தால், விடுவிப்பதற்கு முன் அவற்றை 'சிங்க்' வடிவத்தில் ரத்து செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிங்க் இல்லாத ரத்து, ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்ட கால்பேக் முடியும்வரை காத்திருக்காது. இந்த ஒரு சறுக்கலால் வந்த அறிக்கைகள் ஏராளம்.

கே: 'ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட், நான்-கனானிகல் முகவரி' (செல்லாத வடிவ முகவரி) என்று வருகிறது. முகவரி டிஎஃப்எஃப்எஃப்எஃப்சி0000000003. இப்படி ஒரு முகவரி எங்கள் கோடில் எங்கும் இல்லையே?

ப: உங்கள் கோடில் இருக்காது. இது கேசானின் நிழல் முகவரி. 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் நிழல் தேடும் கணக்கு இது: உண்மை முகவரியை 8-ஆல் வகுத்து, டிஎஃப்எஃப்எஃப்எஃப்சி0000000000 என்ற நிலையான எண்ணைக் கூட்ட வேண்டும். இதைத் திருப்பிப் போடுங்கள். அந்த நிலையான எண்ணைக் கழித்தால் மிச்சம் 3. எட்டால் பெருக்கினால் 24, ஹெக்ஸில் 18. அதனால்தான் அடுத்த வரியிலேயே 'நல்-பாயின்டர்-டிரெஃப், 18 முதல் 1எஃப் வரை' என்று கேசான் தானே சொல்லிவிடுகிறது.

ஆக, ஒரு ஸ்ட்ரக்சரின் பாயின்டர் நல்; அதன் 24-ஆவது பைட்டிலிருந்து தொடங்கும் எட்டு பைட்டுக்குள் உள்ள உறுப்பு ஒன்றைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது. எந்த உறுப்பு என்று அறிய, டிபக் தகவலோடு உள்ள விஎம்லினக்ஸ் கோப்பில் (பில்ட் செய்த கெர்னலின் முழு பைனரி) பாஹோல் கருவியை ஓட்டினால் ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு உறுப்பும் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று காட்டும். 24-இல் இருப்பதைப் பாருங்கள், விழுந்த வரியோடு ஒப்பிடுங்கள்.

ரிஜிஸ்டர்களும் இதையே சொல்லும். 'கோட்:' என்று தொடங்கும் வரியில் 48 சி1 இஏ 03 <80> 3சி 02 00 என்ற பைட்டுகள் தெரிகிறதா? முதல் நான்கு பைட் ஆர்டிஎக்ஸை மூன்று பிட் வலப்பக்கம் தள்ளுகிறது, அதாவது எட்டால் வகுக்கிறது. கோண அடைப்புக்குள் இருக்கும் 80-இல் தொடங்குவதுதான் விழுந்த கட்டளை; நிழல் பைட்டைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடுவது. ஆர்ஏஎக்ஸில் அந்த நிலையான எண்ணும், ஆர்டிஎக்ஸில் 3-உம் இருந்தால் உங்கள் கணக்கு சரி. பழகிய கண்ணுக்கு இந்த எட்டு பைட்டும் முகம் தெரிந்த ஆள் மாதிரி.

முகவரி சிறிய எண்ணாக இல்லாமல் 'டெட்' (dead) என்ற நான்கு ஆங்கில எழுத்தில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடிந்தால் அது நல் அல்ல. பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கிய உறுப்பு அது. நீக்கும்போது கெர்னலே வேண்டுமென்று போட்டு வைக்கும் விஷ மதிப்பு. இரண்டு முறை நீக்கியிருக்கிறீர்கள், அல்லது நீக்கியதைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். மெமரி முழுக்க 6பி 6பி 6பி என்று தெரிந்தால் ஸ்லாப் விடுவித்தபின் பூசிய விஷம்.

கே: என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்தான் இருக்கிறது. கிராஷை வீட்டிலேயே வரவழைக்க முடியுமா?

ப: தாராளமாக. கியூஎம்யூ மெய்நிகர் இயந்திரத்துக்கு 2 ஜிபி மெமரியும் 2 சிபியுவும் போதும். கேசானின் நிழல் அதில் எட்டில் ஒரு பங்கை, 256 எம்பியை, எடுத்துக்கொள்ளும். கேவிஎம் (மெய்நிகர் இயந்திரத்தை வன்பொருள் உதவியோடு வேகமாக ஓட்டும் வசதி) இயக்கப்பட்டிருக்கட்டும், இல்லையென்றால் பூட் ஆவதற்குள் டீ ஆறிவிடும், நேரம் சார்ந்த பக்குகளும் வராமல் போகும். சிபியு எண்ணிக்கையை 1 என்று வைக்காதீர்கள், ரேஸ் வகைப் பக்குகளில் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதுவதால் வருபவை) பெரும்பாலானவை ஒளிந்துகொள்ளும்.

முதல் சுற்றில் எதையும் பில்ட் செய்ய வேண்டாம். சிஸ்பாட் அறிக்கையோடு கெர்னல் இமேஜ், விஎம்லினக்ஸ், டிஸ்க் இமேஜ் மூன்றும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். அதே கெர்னல், அதே டிஸ்க், அதே சி ரீப்ரொட்யூசர் (கிராஷை மீண்டும் வரவழைக்கும் சி நிரல்). டிஸ்க்கை 'ஸ்னாப்ஷாட்' முறையில் இணையுங்கள், எழுதியது எதுவும் தங்காது. சீரியல் கன்சோலை ஒரு கோப்பில் பதியுங்கள். கிராஷ் ஆனபின் உள்ளே போய்ப் பதிவை எடுக்க முடியாது.

கிராஷ் வந்தபின்தான் சொந்த பில்ட். அறிக்கையில் உள்ள கமிட்டை (கோடில் பதிவான குறிப்பிட்ட மாற்றம்) எடுத்து, அதன் கான்ஃபிக் கோப்பை டாட் கான்ஃபிக்காக வைத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுங்கள். கம்பைலரும் அதே வகையாக, கூடியவரை அதே பதிப்பாக இருக்கட்டும். டிபக் தகவலோடு பில்ட் செய்ய 25 ஜிபி காலியிடம் ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் பில்டின் விஎம்லினக்ஸை வைத்து சிஸ்பாட்டின் ஸ்டாக்கை வரி எண்ணாக மாற்றுவது. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் +1ஏ2/400 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஃபங்ஷனுக்குள் எவ்வளவு தூரம், இரண்டாவது ஃபங்ஷனின் மொத்த நீளம். உங்கள் பில்டில் மொத்த நீளம் வேறாக இருந்தால் அது வேறு பைனரி. அதில் கிடைக்கும் வரி எண் பொய். டிகோட்_ஸ்டாக்டிரேஸ் ஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் பதிவை உண்டாக்கிய விஎம்லினக்ஸையே கொடுங்கள்.

ரீப்ரொட்யூசரை உங்கள் லேப்டாப்பில் நேரடியாக ரூட்டாக ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அது டிஸ்க்கை மவுன்ட் செய்யும், நெட்வொர்க்கைக் கலைக்கும். என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது.

கே: பத்து முறை ஓட்டினால் மூன்று முறைதான் கிராஷ் வருகிறது. சிஸ்பாட்டின் பைசெக்ட் (கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துக் குறை நுழைந்த இடத்தைத் தேடுவது) கைகாட்டும் கமிட்டுக்கும் இந்த டிரைவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பைசெக்டை நம்பலாமா?

ப: உங்கள் கேள்வியின் முதல் வாக்கியத்திலேயே இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது. கணக்குப் போடுங்கள். ஒரு ஓட்டத்தில் 30 சதவீதம் வரும் கிராஷ், பத்து ஓட்டத்திலும் வராமல் போக 0.7-இன் பத்தாவது அடுக்கு, ஏறக்குறைய 2.8 சதவீத வாய்ப்பு. சிறியதாகத் தெரிகிறதா? ஒரு கெர்னல் வெளியீட்டுக்கு இடைப்பட்ட கமிட்டுகளை அலச ஏறத்தாழ 14 படி ஆகும். அதில் ஏழு படி கெட்ட கெர்னல் என்று வைத்தாலும், ஏதாவது ஒன்றைத் தவறாக 'நல்லது' என்று சொல்லிவிட 18 சதவீத வாய்ப்பு. ஒரு படி தவறினால் அதற்கு மேல் நடப்பதெல்லாம் தப்பான ஊருக்குப் போகும் பேருந்து. படிக்கு இருபது முறை ஓட்டினால் அதே தவறு அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். நேரம் இருமடங்குதான், நம்பகம் எங்கேயோ போய்விடும்.

இன்னொரு தொல்லை, வழியில் வேறொரு பக் குறுக்கே வருவது. பழைய கெர்னலில் அதே ரீப்ரொட்யூசர் வேறு கிராஷைத் தூண்டினால் அதைக் 'கெட்டது' என்று எண்ணக்கூடாது. 'ஸ்கிப்' செய்ய வேண்டும். தலைப்பு மட்டுமல்ல, விழுந்த ஃபங்ஷனும் ஒன்றா என்று பாருங்கள்.

ஆனால் எங்கள் யோசனை, இந்த பக்குக்கு பைசெக்டே வேண்டாம். முப்பது சதவீதம் என்பது ரேஸின் கைரேகை. கோடைப் படித்து, 'இங்கே சோதிக்கிறான், அங்கே பயன்படுத்துகிறான், நடுவில் லாக் இல்லை' என்று ஒரு ஊகத்துக்கு வாருங்கள். அந்த நடுவில் 100 மில்லி விநாடி எம்டிலே (தூங்காமல் காத்திருக்க வைக்கும் அழைப்பு) போடுங்கள். தூங்க அனுமதி உள்ள இடமென்றால் எம்ஸ்லீப். ஸ்பின்லாக்குக்குள் எம்ஸ்லீப் போட்டால் அதுவே வேறொரு கிராஷாகிவிடும். ஊகம் சரியென்றால் 30 சதவீதம் கிட்டத்தட்ட 100 ஆகும். எகிறவில்லை என்றால் டிலேயை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்துவிட்டால் ரீப்ரொட்யூசரும் நம்பகமாகிவிடுகிறது, பேட்சைச் சோதிக்கவும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சி ரீப்ரொட்யூசர் இல்லாமல் சிஸ் வடிவம் (சிஸ்காலரின் சொந்த எழுத்து வடிவம்) மட்டும் இருந்தால் சிஸ்-எக்ஸெக்ப்ரோக் கருவியில் ஓட்டுங்கள். கோப்பின் முதல் வரியில் உள்ள திரெடட், ப்ரோக்ஸ், ரிபீட், சாண்ட்பாக்ஸ் அமைப்புகளை அப்படியே கொடுங்கள். விட்டுவிட்டால் கிராஷும் விட்டுப்போகும்.

கே: கன்சோல் பதிவில் 'ஃபால்ட்_இன்ஜெக்‌ஷன்: ஃபோர்சிங் எ ஃபெயிலியர், நேம் ஃபெயில்ஸ்லாப்' என்று ஒரு வரி வந்து, அதன்பின் கிராஷ். செயற்கையாகத் தோல்வியை உண்டாக்கிவிட்டு அதை பக் என்பது நியாயமா?

ப: நியாயம்தான். மெமரி கேட்ட இடத்தில் 'இல்லை' என்று ஒருமுறை பொய் சொல்லிப் பார்க்கிறார்கள். சிறிய ஒதுக்கீடுகள் நிஜத்தில் தோற்பது மிக அரிது. அதனாலேயே தோல்விப் பாதைகள் எழுதப்பட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட ஓடாமல் கிடக்கும். உங்களுக்கு இது வரப்பிரசாதம். அந்த வரிக்குக் கீழேயுள்ள ஸ்டாக் எந்த ஒதுக்கீடு தோற்றது என்று அடையாளம் காட்டிவிடுகிறது. அந்த ஃபங்ஷனின் அடியில் உள்ள கோட்டூ லேபிள்களை (தோல்வியானால் தாவிப் போகும் இடங்களை) பாருங்கள். பதிவு செய்யாததை நீக்குகிறதா, அழைத்தவரும் விடுவிப்பதை இதுவும் விடுவிக்கிறதா, எடுத்த வரிசைக்கு நேர் எதிராகத் திருப்புகிறதா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கே: 'டாஸ்க் ஹங்' அறிக்கையில் காட்டப்படும் ஃபங்ஷனில் எந்தத் தவறும் தெரியவில்லை.

ப: தெரியாது. அது பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம். 120 விநாடிக்கு மேல் (சிஸ்பாட்டில் 143 என்று பார்த்திருப்பீர்கள்) ஒரு லாக்குக்காகக் காத்திருந்தவர். கீழே 'ஷோயிங் ஆல் லாக்ஸ் ஹெல்ட்' என்ற பகுதிக்குப் போங்கள். அதே லாக் முகவரியைப் பிடித்திருப்பவர் யார் என்று தேடி, அவருடைய ஸ்டாக்கைப் படியுங்கள். கவனம், காத்திருப்பவர்களும் அந்தப் பட்டியலில் வருவதுண்டு. பிடித்தவரும் இன்னொருவருக்காகக் காத்திருந்தால் சங்கிலியைத் தொடருங்கள். அவர் ஓடிக்கொண்டே இருந்தால் முடிவில்லாத லூப். பயனர் கொடுத்த ஏதோ ஒரு பெரிய எண் உச்சவரம்பு இல்லாமல் உள்ளே போயிருக்கிறது.

கே: 'வார்னிங்' என்பது வெறும் எச்சரிக்கைதானே? சிஸ்பாட் ஏன் கிராஷாக எண்ணுகிறது?

ப: பேனிக்_ஆன்_வார்ன் = 1 என்று வைத்து ஓட்டுவதால். கெர்னலில் வார்ன்_ஆன் என்பது 'இது நடக்கவே கூடாது' என்ற உறுதிமொழி. சாதாரண பயனர் தவறான எண் கொடுத்தாலே அது தூண்டப்பட்டால், வார்ன்_ஆன் போட்டதே பக்; எடுத்துவிட்டு பிழை எண்ணைத் திருப்பி அனுப்புங்கள். உண்மையாகவே நடக்கக்கூடாதது நடந்திருந்தால், எச்சரிக்கையை எடுப்பது தீயணைப்பு மணியின் கம்பியை வெட்டுவது. அறிக்கையின் மேலே 'நாட் டெயின்ட்டட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் இதற்கு முன்பே ஒரு வார்னிங் போயிருக்கிறது, டி என்றால் ஏற்கெனவே ஒரு ஊப்ஸ் (கெர்னல் கிராஷ்). முதலில் வந்ததைத் தேடுங்கள்.

கே: பேட்ச் (கோட் திருத்தம்) தயார். யாரிடம் சோதிப்பது, எப்படி அனுப்புவது?

ப: சிஸ்பாட்டிடமே. அதன் மின்னஞ்சலுக்கு எழுதும் பதிலில், வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி, ஒட்டியே சிஸ், இடைவெளி விட்டு டெஸ்ட் என்று எழுதி, கிட் முகவரியும் கிளையும் கொடுத்து, பேட்சை உடன் அனுப்புங்கள். ரீப்ரொட்யூசர் உள்ள பக்குகளுக்கு மட்டுமே இது நடக்கும். மெயில் நிரல் டேப்பை ஸ்பேஸாக மாற்றிவிட்டால் பேட்ச் பொருந்தாது என்று திரும்பி வரும். கிட் சென்ட்-ஈமெயில் பாதுகாப்பானது.

'ரீப்ரொட்யூசர் எதையும் தூண்டவில்லை' என்று பதில் வந்தால் அதற்கு அவ்வளவுதான் பொருள். உங்கள் 30 சதவீத நண்பருக்கு அந்தப் பதில் சும்மாவே வரலாம்.

இறுதி பேட்சில், அறிக்கையில் கொடுத்த 'ரிப்போர்ட்டட்-பை' வரியை எழுத்துப் பிசகாமல் ஒட்டுங்கள். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் சிஸ்பாட் பக்கைத் தானாக மூடுகிறது. 'ஃபிக்சஸ்' வரியில் குறையை உண்டாக்கிய கமிட்டின் முதல் 12 எழுத்துகளும் தலைப்பும் வேண்டும். விளக்கத்தில் ஸ்டாக் முழுவதையும் கொட்டாமல், யார் எடுத்தார், யார் விடுவித்தார், எந்த இடைவெளியில் மோதினார்கள் என்று ஐந்தாறு வரியில் எழுதுங்கள். டிலே போட்டுக் கண்டுபிடித்திருந்தால் எந்த வரியில் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், பராமரிப்பாளர் அதைப் போட்டுப் பார்க்கத்தான் போகிறார்.

கே: கால் டிரேஸில் சில பெயர்களுக்கு முன்னால் கேள்விக்குறி இருக்கிறதே?

ப: ஸ்டாக்கில் கிடந்த பழைய முகவரியாக இருக்கலாம், இந்த அழைப்பு வரிசையைச் சேர்ந்தது என்று உறுதியில்லை என்பது அதன் பொருள். முதல் வாசிப்பில் தாண்டிப் போங்கள்.